எழுதிய வரி, எடுத்த வரி

1985 மார்ச் 4, திங்கள்

சிலிம் ரிவரிலிருந்து மறுபடியும் புகார். அங்குள்ள எங்கள் செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடையில் லாரி ஏறியது, எடை காட்டியது, கம்ப்யூட்டர் மட்டும் அதை வாங்கிக்கொள்ளவில்லை. எங்கள் பகுதித் தலைவர் ஸ்கந்தராஜா என் மேஜைக்கு வந்து, "பிள்ளை, உம்மட தோட்டத்துச் சனத்துக்குத் தட்டெழுத வராதோ?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

உம்மட சனமாம். நான்கு வருஷமாக அவருக்குக் கீழே புரோகிராம் எழுதுகிறேன். தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் இந்த நல்லம்மாள் என்பதை ஒரு நாளாவது மறக்க விட்டிருக்கிறாரா? அவர் யாழ்ப்பாணக் குடும்பம், வீட்டில் எல்லாரும் படித்தவர்கள், பெரிய பெரிய வேலையில் இருப்பவர்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அதை என் முகத்தில் ஏன் தேய்க்க வேண்டும்?

பாப்பாவுக்குப் போன் போட்டேன். எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்து தட்டெழுதுகிறவள் அவள்தான். எங்கள் லயத்திலேயே வளர்ந்தவள், என்னைவிடச் சின்னவள். அந்த வேலைக்கு மனுப் போடச் சொன்னதும் நான்தான். அவள் சொன்னது இது: லாரி நம்பரைப் பாதி தட்டியிருக்கும்போது டிரைவர் ஏதாவது கேட்பான். அவள் திரும்பிப் பதில் சொல்வாள். அதற்குள் அந்த லாரி இறங்கி அடுத்தது ஏறிவிடும். ஏறியது எங்கும் பதிவாகாது.

தப்பு அவளிடம் இல்லை. அவள் எண்டர் தட்டும்வரை புரோகிராம் கீபோர்டு முன்னால் தவம் கிடக்கிறது. அந்த நேரத்தில் மேடையோடு இணைத்த எடைப்பெட்டி எத்தனை தடவை எண்ணைச் சொன்னாலும் அதன் காதில் விழாது.

அந்தப் புரோகிராமை எழுதியது யார்? ஸ்கந்தராஜா. அதை வாய்விட்டுச் சொன்னால் நாளைக்கே என்னை ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார்.

மார்ச் 6, புதன்

குனோங் ராபாட்டில் வீட்டிலிருந்து ஈப்போ ஆபீசுக்குப் பஸ்ஸில் வரும்போது பிடிபட்டது. அம்மா ஒரு ரப்பர் மரத்தைச் சீவிவிட்டு, அதில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் நிறையும்வரை அதன் அடியில் நின்றதே இல்லை. சீவிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவாள். புரோகிராமும் அப்படித்தான் இருக்க வேண்டும். கீபோர்டில் யாராவது தட்டினாலும் சரி, எடைப்பெட்டி பேசினாலும் சரி, எது வந்தாலும் என்னை எழுப்பு என்று மெஷினிடம் சொல்லிவிட வேண்டும். வந்ததை வாங்கிக்கொண்டு மறுபடி அதே இடத்தில் வந்து படுத்துக்கொள்ள வேண்டும். பாதி தட்டிய லாரி நம்பர் பாதியாகவே ஓரமாகக் கிடக்கட்டும். மீதி வரும்போது ஒட்டிக்கொள்ளலாம்.

ஸ்கந்தராஜாவிடம் இதைச் சொன்னேன், மங்கு கதையோடு. சிரித்தார். தோட்டத்து உதாரணத்தை விட்டுவிட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

மார்ச் 13, புதன்

எழுதிவிட்டேன். உள்ளே வருவது அழகாக வருகிறது. வெளியே அச்சுக்குப் போவது கந்தலாக இருக்கிறது. நான்கு வரி அடிக்கச் சொன்னால் இரண்டரை வரி அடிக்கிறது. வயரை மாற்றிப் பார்த்தேன். பெட்டியை மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மார்ச் 15, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்! சத்தம் போட்டே சிரித்தேன். பக்கத்து மேஜைப் புனிதவதி அக்கா திரும்பிப் பார்த்தார்.

நான் கீபோர்டிடம் மட்டும் 'காத்திருக்காதே' என்று சொன்னதாக நினைத்திருந்தேன். ஆனால் எடைமேடையில் இருப்பது கீபோர்டும் அச்சும் ஒரே பெட்டியாக உள்ள மெஷின், இரண்டுக்கும் ஒரே வயர். ஒன்றுக்குச் சொன்னது மற்றதற்கும் சொன்ன மாதிரி. அச்சடிக்கும் பக்கம் மெதுவானது. அது, கொஞ்சம் பொறு, கை நிறைய இருக்கிறது என்கிறது. முன்பெல்லாம் புரோகிராம் பொறுக்கும். இப்போது காத்திருக்கக் கூடாது என்று நானே கட்டளை போட்டுவிட்டேனே. நீட்டிய வரியை அச்சு வாங்காவிட்டால் புரோகிராம் அதைக் கீழே போட்டுவிட்டு நடையைக் கட்டுகிறது. யாரும் தப்பென்று சொல்வதில்லை. வரி மட்டும் காணாமல் போகிறது.

அதனால் வெளியே போவதற்கும் ஒரு வரிசை வைத்தேன். அச்சு எவ்வளவு வாங்கிக்கொண்டது என்று பார்ப்பது, வாங்காததைப் பத்திரமாக வைத்திருப்பது, அதற்கு எப்போது கை காலியாகிறதோ அப்போது விட்ட இடத்திலிருந்து கொடுப்பது. இரண்டு பக்கம் பிடித்தது. கடைசியில் இன்னும் ஒரு காரியம்: புரோகிராம் முடியும்போது, 'காத்திருக்காதே' என்பதை எடுத்துவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து அந்த வயரில் உட்காருகிற புரோகிராமும் காத்திருக்காது. யாரும் தட்டவில்லையே, ஆள் போய்விட்டார் போல என்று நினைத்து நம்மை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும்.

இந்த ஊரில் இதைச் செய்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். இருக்கட்டுமே, கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஸ்கந்தராஜா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரி வரியாக விளங்கப்படுத்தச் சொன்னார். அரை நாள் சொன்னேன். வெளியே போகும் வரிசைக்கு வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு வரி அடிக்க இரண்டு பக்கமோ? உதுகள் எல்லாம் என்னத்துக்கு?" என்றார். மறுபடி சொன்னேன். தலையை ஆட்டினார். விளங்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஏப்ரல் 11, வியாழன்

திருடன்.

ஏப்ரல் 12, வெள்ளி

நேற்று ஒரு சொல்லுக்கு மேல் எழுத முடியவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

மெஷினில் புது நகல் ஒன்று கிடந்தது. திறந்தால் என் புரோகிராம். உச்சியில் ஸ்கந்தராஜா என்று ஒரு பெயர், அவ்வளவுதான். என் பெயரைத் துடைத்துப் போட்டிருக்கிறார். போதாததற்குச் 'சுத்தம்' வேறு செய்திருக்கிறார். வெளியே போகும் வரிசை இரண்டு பக்கத்தையும் காணோம். அடி என்று ஒரு வரி இருக்கிறது, அச்சு வாங்கியதா இல்லையா என்று கேட்க ஆளில்லை. கடைசியில் எடுத்துவிட்டுப் போகிற வேலையும் காணோம். தேவையில்லாத தோட்டத்துக் குப்பையைப் பெருக்கித் தள்ளிவிட்டதாக நினைப்பு.

புனிதவதி அக்காவிடம் காட்டினேன். அவரும் யாழ்ப்பாணக் குடும்பம்தான், ஸ்கந்தராஜாவுக்குத் தூரத்துச் சொந்தம்கூட. ஆனாலும் முகம் சிவந்துவிட்டது. "இப்பவே மேல போய்ச் சொல்லும், நல்லம்மா. பிந்திச் சொன்னா பகையில சொல்லுறதெண்டு நினைப்பினம்," என்றார்.

சொல்ல மாட்டேன். சொன்னால் என்ன ஆகும்? அறைக்குள் கூப்பிட்டுத் திருத்திக்கொள்வார், அவர் பெயரிலேயே. இல்லை. நாலு பேர் முன்னால் அது உடைய வேண்டும். அந்த மூக்கு நாலு பேர் பார்க்க உடைய வேண்டும். அதுவரை நான் வாயைத் திறப்பதாக இல்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. கோயிலில் நின்று என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுதமாட்டேன். முருகனுக்குத் தெரியும்.

மே 6, திங்கள்

இன்றைக்கு ஈப்போ ஆபீசில் பெரிய மேனேஜருக்கும் ஆலை மேனேஜர்களுக்கும் செய்து காட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் பேச்சு. 'ரப்பர் தொழிலாளி ஒரு மரத்தடியில் நின்று பால் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை' என்று ஆரம்பித்தார். என் அம்மாவின் மரம்! ஒரு நாளும் பால்கத்தியைத் தொட்டிராத மனுஷன், என் அம்மாவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

பிறகு புரோகிராம். ஒரே ஒரு எடை, ஒரே ஒரு லாரி, நிதானமாக. ஒரு வரிகூடத் தவறவில்லை. முடித்தார். நான் எதிர்பார்த்த மாதிரியே மெஷின் அவரை வெளியே தள்ளிவிட்டு, நீ யார், பெயரைச் சொல் என்று கேட்டது. ஒரு நொடி முழித்தார். அந்த ஒரு நொடியை நான் எத்தனை நாள் நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த நொடி திரும்பி நின்று, இது பாதுகாப்பு ஏற்பாடு, வேலை முடிந்ததும் வேறு யாரும் கை வைக்க முடியாதபடி தானாகவே பூட்டிக்கொள்ளும் என்றார். பெரிய மேனேஜர் கைதட்டினார். மற்ற எல்லாப் புரோகிராமிலும் இதைச் சேர்க்கச் சொன்னார்.

சாயங்காலம் ஸ்கந்தராஜா என்னைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுத்தார். நான்தான் உட்கார்ந்து ஒவ்வொரு புரோகிராமிலும் தப்பை வரவழைக்க வேண்டுமாம்.

மே 7, செவ்வாய்

சாப்பிடவில்லை. பசிக்கவும் இல்லை.

மே 9, வியாழன்

சரி. இந்த நகல்தான் ஆலைக்குப் போகிறது, பெரிய ஓட்டை அதில் இன்னும் இருக்கிறது. ஒரு லாரி இருக்கும்வரை தெரியாது. செம்பனைப் பழம் அதிகமாக விளையும் மாதங்களில் லாரி வரிசை கட்டி நிற்கும். அச்சு திணறும். அப்போது பார்க்கலாம், அது என்ன பாதுகாப்பு என்று.

செப்டம்பர் 12, வியாழன்

பாப்பா போன் பண்ணினாள். "அக்கா, ரெண்டு லாரி கிட்ட கிட்ட வந்தா ஒன்னுதான் அடிக்குது. நான் சரியாத்தான் தட்டுறேன். நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

வந்துவிட்டது! அவ்வளவு சந்தோஷம் எனக்கு. நான் பார்த்தால் நான் திருத்த வேண்டியிருக்கும். அதனால் அவளிடம், இது ஸ்கந்தராஜா எழுதியது, முறைப்படி ஆலை மேனேஜரிடம் சொல், அவர் ஈப்போவுக்குச் சொல்லட்டும் என்றேன். சரிக்கா என்றாள். அந்தப் பிள்ளை எப்போதும் சொன்ன பேச்சைக் கேட்கும்.

செப்டம்பர் 16, திங்கள்

புகார் வந்தது. ஸ்கந்தராஜா அதைப் படித்துவிட்டு, புரோகிராமில் கோளாறு இல்லை, தட்டெழுதுகிறவரின் கவனக்குறைவு என்று பதில் அனுப்பிவிட்டார். போகட்டும். இன்னும் நாலு தடவை வந்தால் எத்தனை நாளைக்கு இப்படிச் சொல்ல முடியும்? பொறுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

பாப்பாவின் அண்ணன் பத்துமலை ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டான். பாப்பாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மேடையில் ஏறிய லாரிகள் சில தாளில் இல்லை. அவள் டிரைவர்களோடு சேர்ந்து பழத்தைத் திருட்டுத்தனமாக வெளியே விற்க விட்டாள் என்று பேச்சு. கவனக்குறைவு என்று ஈப்போவிலிருந்து போன அந்தப் பதிலைக் காட்டித்தான் நிறுத்தினார்களாம். லயத்தில் ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். அவள் அம்மா வெளியே தலைகாட்டுவதில்லை. பாப்பா ஒரு மூலையில் உட்கார்ந்து, நான் சரியாத்தான் தட்டினேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

பத்துமலை என்னைப் பார்த்து, "நீ கம்ப்யூட்டர் ஆளாச்சே லா, நீ சொன்னா நம்புவாங்க," என்றான்.

செப்டம்பர் 21, சனி

நான் இதை நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. அவர் தலையில் விழும் என்றுதான் இருந்தேன். அவர் தலையில் விழுவது எதுவும் கடைசியில் கீழே இருக்கிறவள் தலையில்தான் வந்து விழும் என்று எனக்குத் தெரியாதா? லயத்தில் பிறந்த எனக்கா தெரியாது?

ஏப்ரலிலேயே சொல்லியிருந்தால்? சொல்லியிருந்தால் அவர் பெயர் இன்னும் பளபளவென்று இருந்திருக்கும். இருக்கட்டுமே என்று விட்டிருக்கலாம். முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. பாப்பாவையும் மீட்க வேண்டும், அவரையும் விடக் கூடாது. இரண்டும் வேண்டும் எனக்கு.

செப்டம்பர் 23, திங்கள்

பெரிய மேனேஜர் அறைக் கதவைத் தட்டினேன். ஆலையில் விசாரணை நடக்கும்போது என்னையும் கூப்பிடுங்கள், கோளாறு எங்கே என்று செய்து காட்டுகிறேன் என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

விசாரணை முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

எடைமேடைக் கூண்டுக்குப் பக்கத்து அறை. பெரிய மேனேஜர், ஆலை மேனேஜர் என்சிக் ரஹீம், ஸ்கந்தராஜா, நான். சுவர் ஓரமாகப் பாப்பா, கையைக் கட்டிக்கொண்டு. மெலிந்திருந்தாள்.

இரண்டு லாரியை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றச் சொன்னேன். அச்சு வேலையாக இருக்கும் நேரம் பார்த்து நானே நம்பரைத் தட்டினேன். என்சிக் ரஹீம் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். இரண்டாவது லாரி இல்லை. மறுபடி செய்தேன். மறுபடி இல்லை. தட்டினது நான், பாப்பா இல்லை.

இந்தப் புரோகிராம் யாருடையது என்று பெரிய மேனேஜர் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை மாதம் மூடி வைத்த வாய், இன்னும் ஒரு நிமிஷம் மூடியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

ஸ்கந்தராஜா முந்திக்கொண்டார். எழுதியது நல்லம்மாள், நான் பகுதித் தலைவர் என்ற முறையில் மேலே பெயர் போட்டேன், அவ்வளவுதான் என்றார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழுவதும் நான் எழுதியதா என்று நானே கேட்டேன். முழுவதும் என்றார். ஒரு வரிகூட உங்களுடையது இல்லையா என்றேன். ஒரு வரிகூட என்னுடையது இல்லை என்று பெரிய மேனேஜரைப் பார்த்துச் சொன்னார், ஆங்கிலத்தில், தெளிவாக.

அப்படி ஒரு நிம்மதி! அந்த ஆள் தானாகவே வந்து தலையைக் கொடுத்தார்.

உட்கார்ந்து அந்த இரண்டு பக்கத்தையும் மனப்பாடமாகத் தட்டினேன். எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது, யாரும் எழுந்து போகவில்லை. பிறகு நான்கு லாரி ஏற்றச் சொன்னேன். நான்கும் அடித்து வந்தன. அச்சை நடுவில் நிறுத்தி, தாளை மாற்றி, மறுபடி ஓட விட்டேன். விட்ட வரியிலிருந்து வந்தது.

முதலிலேயே ஏன் இப்படி எழுதவில்லை என்று பெரிய மேனேஜர் கேட்டார். முதலிலேயே இப்படித்தான் எழுதினேன் என்றேன். "சார் ஒரு வரிகூட எழுதலன்னு சொன்னது உண்மைதான். எடுத்ததுதான் அவர் வேலை."

ஸ்கந்தராஜாவின் முகத்தைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். வேண்டிக்கொண்டதைவிட அதிகமாகவே கிடைத்தது. பாப்பாவை நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார்கள். என்சிக் ரஹீம் அவளிடம் மலாயில் மன்னிப்புக் கேட்டார்.

அக்டோபர் 2, புதன்

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன்.

விசாரணை முடிந்து பாப்பாவோடு ஆலை வாசல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் முன்னால் பார்த்தபடியே நடந்தாள். பிறகு கேட்டாள்.

"அந்த ரெண்டு பக்கத்த அவரு எடுத்துட்டாருன்னு எப்பத்துலேர்ந்து தெரியும் அக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். போன வாரம் என்று சொன்னால் நம்பியிருப்பாள். ஏப்ரல் என்றேன்.

"அன்னிக்கு நான் போன் பண்ணேனே. அப்பயும் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். என்னிடம் சொல்லக் காரணம் நிறைய இருந்தது. அந்த ஆள் என்ன செய்தார், எத்தனை வருஷம் செய்தார், என் அம்மாவின் மரத்தைக்கூட விடவில்லை என்று எல்லாம். அவள் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏறிக்கொண்டாள்.

அக்டோபர் 18, வெள்ளி

ஸ்கந்தராஜாவைப் பினாங்குக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அவருடைய அறையைத் துடைத்து என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். போகும்போது, "வெற்றிதானே, பிள்ளை?" என்று கேட்டார். வெற்றிதான் என்றேன். ஆமாம், வெற்றிதான். சந்தேகம் என்ன?

புனிதவதி அக்கா கேசரி கிண்டிக்கொண்டு வந்திருந்தார்.

நவம்பர் 3, ஞாயிறு

பாப்பா வீட்டுக்குத் தீபாவளிச் சேலை எடுத்து அனுப்பினேன். கிடைத்தது என்று பத்துமலை போனில் சொன்னான்.

1986 ஜனவரி 20, திங்கள்

சிலிம் ரிவர் போனேன். புதிய நகலை நானே போட வேண்டியிருந்தது. உச்சியில் என் முழுப் பெயர், நல்லம்மாள் என்று, கம்பெனியே போடச் சொல்லியிருக்கிறது.

கூண்டுக்குள் பாப்பா இருந்தாள். நான் நுழைந்ததும் எழுந்து நின்றாள். நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டாள். கேன்டீனுக்குப் போன் செய்து, ஈப்போ ஆபீசிலிருந்து வந்திருக்கிறார்கள், நல்ல கப்பில் தேநீர் அனுப்புங்கள் என்றாள். அவள் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். நன்றாக இருக்கிறார்கள் என்றாள். சேலையைப் பற்றிக் கேட்கவில்லை.

நான் புரோகிராமை ஓட விட்டதும் லாரிகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. அவள் தட்டினாள், டிரைவரோடு பேசினாள், திரும்பி மீதியைத் தட்டினாள். எல்லா லாரியும் அடித்து வந்தது. தாளைக் கிழித்து மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

"ஒன்னும் விடல. சரியா இருக்குங்க, மேடம்."